ஆறு நாற்காலியும் எட்டு ஆணியும்

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் விவரம்: நான், என் சம்சாரம் புஷ்பம், அவள் தம்பி பாண்டி, குட்டியானை டிரைவர் சகாயம். ஆக நாலு பேர். முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தையும் சேர்த்தால் அஞ்சு. அந்த அஞ்சில் எனக்கு யோசனை சொல்லாமல் வந்தது பழம் ஒன்றுதான்.

திண்டுக்கல்லில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அப்புறம் படித்ததெல்லாம் மரமும் மனுசர் முகமும்; ரெண்டிலும் பார்டர் மார்க்தான். கவலைப்படுவதில் மட்டும் யாரும் என்னைத் தாண்டிப் போனதில்லை. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுப் போகையில், பார்க்கிறேன் பேர்வழி என்று இழுத்ததில் பூட்டு திறந்துகொண்டதோ என்று இன்னொரு தரம் வருவேன்.

இப்பேர்ப்பட்டவனைக் கொடைக்கானலுக்கு ஏற்றிவிட்டது சென்னையிலிருக்கும் ஒரு மேடம். புதிதாகக் கட்டுகிற ஓட்டலுக்குள் பழைய காலத்தைக் கொண்டுவந்து வைப்பது அவர் தொழில். போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு நாற்காலி. அதன் கால்கள் ஒழுங்கு மரியாதையாக நேரே நிற்கவில்லை. முன்னால் ரெண்டு, பின்னால் ரெண்டு, பாதி திறந்த கத்திரி மாதிரி ஒன்றின் குறுக்கே ஒன்று போகிறது. குறுக்கிடும் இடத்தில் ஒரு பித்தளை முளை. அந்த முளையில்தான் நாற்காலி விரிவதும் மடங்குவதும். உட்காரும் இடத்தில் தோல். வெள்ளைக்காரர்கள் மலை ஏறும்போது மடக்கிக் கூலியாள் தலையில் ஏற்றிக் கொண்டுபோன சாமானாம். சுமந்து வந்தவரை அதில் உட்காரச் சொன்னார்களா என்பது படத்தில் தெரியவில்லை.

“இதே மாதிரி ஆறு வேணும் சார். ஆறும் ஒரே செட்டா இருக்கணும். வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். இது சரியா வந்துச்சுன்னா ஓட்டல் மொத்தத்துக்கும் உங்ககிட்டதான்” என்றார் மேடம். நாற்காலி ஒன்றுக்கு இருபதாயிரம் பேச்சு. முன்பணம் நாற்பதாயிரம் அன்றே வந்துவிட்டது. நாற்காலி வாங்க ஒதுக்கியது போக மீதி வந்த வேகத்தில் போயும் விட்டது. கடைக்கு ஏழு மாச வாடகை பாக்கி. கட்டிட உரிமையாளர் புதுப் பூட்டு ஒன்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். ஆகவே, நாற்காலி கிடைக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கப் பணம் இல்லை. கிடைத்தால் ஓட்டல் முழுக்க வேலை, கடை பிழைக்கும். நிலவரம் இவ்வளவுதான்.

பாண்டிதான் துப்புக் கொண்டுவந்தான். அட்டுவம்பட்டியில் ஆரோக்கியம் என்று ஒருவர், போர்டிங் ஸ்கூல் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். எப்போதோ ஒரு மிஷன் வீட்டைக் காலி செய்தபோது, ஊருக்குப் போன வெள்ளைக்காரம்மா அவருக்கு ஆறு நாற்காலி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆறும் கால் பின்னியவை.

செவ்வாய்க்கிழமை வெள்ளனே கிளம்பினோம். மலைக்குப் போகிறோம் என்றதும் நான் எடுத்துவைத்தது: சுத்தியல், மூணு அங்குல ஆணி ஒரு பொட்டலம், நைலான் கயிறு, வாந்தி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, டார்ச், பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பதினொன்று.

“கொடைக்கானல்ல தண்ணி இருக்காதாங்க? அங்க ஏரியே இருக்கு” என்றாள் புஷ்பம்.

சோதனைச் சாவடியில் பதினொன்றையும் இறக்கினார்கள். மலை மேல் இந்த பாட்டிலுக்கு அனுமதி கிடையாது, மீறினால் அபராதம் என்றார்கள். வீணாக்க மனசில்லாமல் நாலு பேரும் சாலையோரம் நின்று முடிந்தவரை குடித்தோம். அதன் பலன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தெரிந்தது. சகாயம் மூணு இடத்தில் வண்டியை நிறுத்தினார். அடுத்தது, வண்டி மலைக்குப் போக வாங்க வேண்டிய இ-பாஸ். “எல்லாம் நான் பாத்துக்கிட்டேன் மாமா” என்று பாண்டி நீட்டிய போனில், பாஸ் முந்தின நாள் தேதிக்கு இருந்தது. புதிதாகப் போடலாம் என்றால் அங்கே சிக்னல் இல்லை. சிக்னல் இருக்கும் இடத்துக்கு அரை கிலோமீட்டர் கீழே நடந்து போய், பாஸ் போட்டு, மேலே ஏறி வந்தான். வந்தவன் சொன்னது: “பாத்தீங்களா, எப்படி வெரசா முடிச்சிட்டேன்!”

டீக்கடையில் பிரெட் ஆம்லெட் சாப்பிட்டோம். பிரியாணி ஊர்க்காரன் எங்கே போனாலும் பிரியாணியைத் தேடக் கூடாது என்று எனக்குத் தெரியும்; பாண்டிக்குத் தெரியாது. கேட்டான், வந்தது, சாப்பிட்டான், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து மேசையில் ஒரு மலையாளக் குடும்பம். அந்தம்மா தன் வீட்டுக்காரரிடம் மலையாளத்தில் சொன்னது எனக்குப் புரிந்த வரைக்கும் இது: “பத்து மணி நேரம் கார் ஓட்டிக் கூட்டி வந்தீங்க. பனியைப் பாருன்னீங்க. பனிதான் தெரியுது, வேற ஒண்ணும் தெரியல.” அவர் நூடுல்ஸை விட்டுத் தலையைத் தூக்கவேயில்லை.

ஆரோக்கியம் ஐயா வீடு இறக்கத்தில் இருந்தது. தகர ஓடு, வாசலில் ஜெரேனியம் பூ, உள்ளே நுழைந்தால் பிளம் கேக் வாசனை. எழுபது தாண்டின மனிதர், சட்டையில் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். நாற்காலி பார்க்க வந்தோம் என்றேன்.

“ஃபர்ஸ்ட் டீ. அப்புறம்தான் பிசினஸ், தம்பி.”

டீ வந்தது. கேக் வந்தது. கேக்கை வெட்டின விதத்தைப் பார்த்தால் இன்னும் இருநூறு பிள்ளைகள் வரிசையில் நிற்கிற மாதிரி இருந்தது; அத்தனை மெல்லிசு. பிறகு உள்ளே போய் மடித்த நாற்காலி நாலைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார்.

“ஆறுன்னாங்களே ஐயா?”

“ரெண்டு பூம்பாறையில கெடக்கு. என்கூட ஸ்கூல் கார்டன்ல இருந்த வேலுச்சாமிக்கு வெட்டிங் கிஃப்ட்டா குடுத்தேன். ஆளு போய்ச் சேந்துட்டான். அவன் ஒய்ஃப் காமாட்சி இருக்கு. அதுகிட்ட கேட்டுக்கோங்க. இப்ப இதப் பாருங்க.”

ஒரு நாற்காலியைத் தரையில் வைத்து, கைப்பிடி ஒன்றை ஒற்றை விரலால் லேசாகத் தள்ளினார். சத்தமே இல்லாமல் நாற்காலி விரிந்தது. அதே விரலால் மறுபடி தொட்டார். மடங்கியது. ஈட்டி மரம், அத்தனை கனம். பூனை சோம்பல் முறிக்கிற மாதிரி எழுந்து படுத்தது.

“எவ்ரி மன்த், ஃபர்ஸ்ட் சண்டே, பூசை முடிஞ்சு வந்து முளைக்கு ஒரு டிராப் ஆயில். முப்பத்தொரு வருசம். ஒரு தடவ மிஸ் பண்ணல. உக்காருங்க தம்பி.”

எனக்கு மடங்குகிற எதுவும் ஆகாது. சின்ன வயசில் மடக்குக் கட்டிலில் விரல் சிக்கி நகம் போனவன். பாதி உடம்பைக் காலில் தாங்கி, மீதிப் பாதியை மட்டும் நாற்காலியிடம் கொடுத்து உட்கார்ந்தேன்.

“அவரு அப்படித்தான் ஐயா. சோபாவுலயே பிடிச்சிக்கிட்டுத்தான் உக்காருவாரு” என்றாள் புஷ்பம்.

நாலுக்கும் இருபத்து நாலாயிரம் என்று முடிந்தது. பன்னிரண்டாயிரம் கையில் கொடுத்தேன். மீதியை வெள்ளிக்கிழமை மேடம் தந்ததும் தருகிறேன் என்றேன். அவர் பணத்தை எண்ணவில்லை. “அந்த லேடி உக்காந்து பாத்துட்டு என்ன சொல்லுச்சுன்னு மட்டும் போன்ல சொல்லுங்க. எப்படி மடங்குதுன்னு பாத்துச்சான்னு கேளுங்க” என்றார். வண்டியில் ஏற்றும்போது நாலையும் தானே மடக்கிக் கொடுத்தார்.

இனிமேல் நடந்ததற்கு நான் மட்டுமே பொறுப்பு.

அட்டுவம்பட்டியை விட்டு ரெண்டு வளைவு தாண்டியிருக்க மாட்டோம். பின்னால் டமார் டமார் என்று சத்தம். வளைவு இடது பக்கம் வந்தால் நாற்காலி விரிகிறது. வலது பக்கம் வந்தால் மடங்குகிறது. பக்கத்து நாற்காலியை அறைகிறது. பின்னால் காவலுக்கு உட்கார்ந்திருந்த பாண்டி கத்தினான்: “மாமா, நாலும் சண்டை போடுது!”

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். மணி நாலு இருக்கும். எனக்குள்ளே படம் ஓட ஆரம்பித்துவிட்டது. கைப்பிடி ஒன்று முறிகிறது. மேடம் வேண்டாம் என்கிறார். சரி, முறியவில்லை என்றே வையுங்கள். ஓட்டலில் பெரிய மனிதர் ஒருவர் உட்காருகிறார், நாற்காலி மடங்குகிறது, அவர் விரல் உள்ளே. போலீஸ், கேஸ், திண்டுக்கல் கோர்ட். சாட்சிக் கூண்டில் நான்.

சுத்தியலை எடுத்தேன்.

“என்னண்ணே பண்றீங்க?” என்றார் சகாயம். “கயித்தப் போட்டு இறுக்கிக் கட்டுனா போதும். மடக்கி வச்சா எடமும் கம்மி.”

“கயிறு அவுந்தா?”

“அவுந்தா மறுபடி கட்டுவோம்.”

அது எனக்குப் பதிலாகப் படவில்லை. ஒவ்வொரு நாற்காலியாக விரித்து நிறுத்தி, கால்கள் குறுக்கிடும் இடத்தில், முளைக்குக் கொஞ்சம் மேலே, முன்னால் ஒரு ஆணி, பின்னால் ஒரு ஆணி இறக்கினேன். ஈட்டி மரம் லேசில் வாங்கவில்லை. நானும் விடவில்லை. நாலு நாற்காலிக்கு எட்டு ஆணி. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நானே முழு உடம்பையும் இறக்கி உட்கார்ந்து பார்த்தேன். செவ்வாய்க்கிழமை முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி அதுதான்.

புஷ்பம் பார்த்துக்கொண்டே இருந்தாள். “பயம்னா நீங்க உக்காராம இருங்க. அது எதுக்குங்க வெறச்சுப் போய் நிக்கணும்?”

“ஒனக்கு யாவாரம் தெரியாது” என்றேன். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

புதன்கிழமை பூம்பாறை. போகிற வழியெல்லாம் செல்பி எடுக்கிற கூட்டம். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அவர்கள் சிரிக்கிறார்கள், நான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொள்கிறேன். ஒரு குரங்கு ஏறி எலுமிச்சம்பழத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. கடித்துப் பார்த்துவிட்டு என் மேலேயே எறிந்தது. பாதுகாப்புக்குக் கட்டினது தலையில் வந்து விழுந்தால் அதற்கு என்ன பொருள் என்று மதியம் வரை யோசித்தேன்.

காமாட்சி அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் பூண்டு போடுகிற குடிசை. உள்ளே புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், என் ரெண்டு நாற்காலியும் எதிரெதிரே விரிந்து நிற்கின்றன. உட்கார்ந்திருப்பவர் யாருமில்லை. கைப்பிடிகள் மேல் மூங்கில் தட்டி, தட்டி நிறைய மலைப்பூண்டு, கீழே சட்டியில் கங்கு புகைந்துகொண்டிருக்கிறது. தோல் எப்போதோ போய்விட்டது. மரம் அட்டக்கரி. இருபதாயிரம் ரூபாய் பொருள் மேல் பூண்டைக் காயப்போட்டிருக்கிறார்கள். வெள்ளைக்காரம்மா பார்த்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று தெரியவில்லை. பூண்டு வாங்கிப் போயிருப்பார் என்கிறாள் புஷ்பம்.

“நாக்காலி தானே? எடுத்துக்கோங்க. ஆனா இப்ப இல்ல” என்றார் அக்கா. “பூண்டு புகை ஏறி முடிய இன்னும் நாலு நாள் ஆகும். நடுவுல எறக்குனா அழுகிப் போகும். வருசம் முச்சூடும் பாத்த பாடு இது.”

“நாளன்னைக்கு வெள்ளிக்கிழமைக்கா. அன்னைக்கு இல்லாட்டி என் கடையே போயிரும்.”

“உங்க கடைக்காக என் பூண்டு போகணுமா?”

பாண்டி உடனே வண்டியை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியோடு திரும்பினான். பச்சைக் கலர். அக்கா அதைப் பார்த்தார், கீழே இருக்கும் கங்கைப் பார்த்தார், பிறகு பாண்டியைப் பார்த்தார்.

“ஏலே, நெருப்புன்னா என்னான்னு தெரியுமா? இது உருகி என் பூண்டு மேல ஊத்துனா, நீ திங்கிறியா?”

எதனால் அந்த நாற்காலி தோதாக இருக்கிறது என்று புஷ்பம் கேட்டாள். அக்கா நிதானமாகச் சொன்னார்: நாலு கால் மேசை என்றால் சட்டம் புகையை மறிக்கும், இது குறுக்கே கால் போட்டு நிற்பதால் நடுவில் திறப்பு, புகை நேரே மேலே போகும். மேடு பள்ளத் தரையிலும் ஆடாது. பருவம் முடிந்தால் மடக்கிச் சுவரில் மாட்டிவிடலாம். முப்பது வருசமாகப் பழைய சாமான் விற்கிற எனக்கு, கால் ஏன் குறுக்கே போகிறது என்று அன்றைக்குத்தான் ஒருவர் விளக்கினார்.

“அப்ப இதே மாதிரி நாங்க ரெண்டு செஞ்சு குடுத்தா?” என்றாள் புஷ்பம்.

அக்கா யோசித்தார். “பூண்டு ஒரு பல்லு கீழ விழப்படாது. நின்னா சரி.”

தைல மரக் கொம்பு அவர் தோட்டத்திலேயே கிடந்தது. சகாயம் வெட்டினார், பாண்டி பிடித்தான், நான் அடித்தேன். முன்னால் குறுக்கே ரெண்டு, பின்னால் ரெண்டு, இணைக்கச் சட்டம். முதலில் செய்தது சாய்ந்தது. பிரித்தேன். ரெண்டாவது ஆடியது. மறுபடி பிரித்தேன். அளவுகோல் இல்லை, புஷ்பத்தின் சேலை முந்தானைதான் அளவு. சாயங்காலம் வெளிச்சம் போவதற்குள் ரெண்டும் நின்றன. நாலு பேரும் சேர்ந்து பூண்டோடு தட்டியைத் தூக்கி, மூச்சை அடக்கி, பக்கவாட்டில் நகர்ந்து, புதுக் கால்கள் மேல் இறக்கினோம். ஒரு பல் விழவில்லை. நான் எந்தச் சாமானையும் அத்தனை பயத்தோடு தூக்கியதில்லை. அக்கா ரெண்டு நாற்காலிக்கும் அஞ்சாயிரம் வாங்கிக்கொண்டார். வேலைக்குக் கூலியாக ஒரு பிடி பூண்டும், சோறும் மொச்சைக் குழம்பும். அந்தக் குழம்பைப் பற்றி நான் கேலியாக எழுத ஒன்றுமில்லை.

வண்டியில் ஏற்றும்போது வழக்கம்போல ஆணிப் பொட்டலத்தைத் தேடினேன். காலி. மிச்சம் இருந்ததெல்லாம் பூண்டுக்குப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் ரெண்டையும் மடக்கிக் கயிற்றால் கட்டினேன். திண்டுக்கல் வரும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கயிறு அவிழவே இல்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை நாலு நாற்காலியையும் துடைத்துப் பளபளவென்று முன்னால் நிறுத்தினேன். கரி பிடித்த ரெண்டையும் துடைக்க நேரமில்லை; வெட்கப்பட்டுப் பின்னால், பீரோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன்.

வெள்ளி காலை பத்து மணிக்கு மேடம் வந்தார். மெலிந்த ஆள், கையில் சின்ன டார்ச். வந்ததும் முன் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டார். ஒற்றை விரலால். ஆரோக்கியம் ஐயா தொட்ட அதே இடம். நாற்காலி அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார்.

“இது ஏன் சார் மடங்கல?”

“மடங்கக் கூடாதுன்னுதான் மேடம் ஆணி வச்சிருக்கேன். நாலுக்கும் வச்சாச்சு. யானை ஏறினாலும் ஆடாது.” பெருமையாகத்தான் சொன்னேன். ஏழாம் வகுப்பில் பரிசு வாங்குகிற பையன் மாதிரி.

மேடம் குனிந்து டார்ச் அடித்தார். ஆணி இறங்கின இடத்திலிருந்து மரத்தில் ஒரு கோடு, முடி கனத்துக்கு, முளை வரைக்கும் ஓடியிருந்தது. நாலு நாற்காலியிலும் பார்த்தார். எட்டு இடத்திலும் பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“சார், இந்த நாற்காலியோட விலை அந்த மூட்டுலதான் இருக்கு. இத்தனை வருசத்துக்கு அப்புறமும் மடங்குதே, அதுக்குத்தான் இருபதாயிரம். நேரா நிக்கிற நாற்காலி நூறு ரூபா வாடகைக்கே கிடைக்கும்.”

புஷ்பம் போய்ப் பீரோ பக்கத்திலிருந்து கரி நாற்காலியை எடுத்து வந்து மேடம் முன்னால் வைத்து, விரலால் தள்ளினாள். விரிந்தது.

மேடம் கைத்துணியால் ஒரு இடத்தைத் துடைத்தார். கரிக்கு அடியில் மரம், கடுங்காப்பி நிறத்தில் மின்னியது. புகை குடித்துக் குடித்து ஒரு பூச்சி அரிக்கவில்லை. மோந்து பார்த்தார். “என்ன இது, பூண்டு வாசனை?” என்று முதன்முறையாகச் சிரித்தார்.

அந்த ரெண்டையும் எடுத்துக்கொண்டார். முன்பணம் நாற்பதாயிரத்துக்கு அது சரியாகப் போயிற்று. ஓட்டல் வேலை பற்றி, “பாக்கலாம் சார்” என்றார். அந்தப் பதிலை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், பொருள் தெரியும். வாடகைப் பாக்கி தீர்ந்தது, கடை இருக்கிறது, அடுத்த மாசத்துக்கு வழி இல்லை. பிழைத்தோமா இல்லையா என்று கேட்டால் கட்டிட உரிமையாளரைத்தான் கேட்க வேண்டும்.

அன்று சாயங்காலமே ஆரோக்கியம் ஐயா போன் செய்தார். “தம்பி, அந்த லேடி பாத்துச்சா? மடங்குதா?”

“வெண்ணெய் மாதிரிங்கய்யா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. “காட் பிளெஸ் யூ. பேலன்ஸ் மெதுவா குடுங்க. நோ ஹரி” என்றார்.

எனக்கு அவசரம் இருக்கிறது. மாசம் ஆயிரமாக மூணு மாசம் அனுப்பிவிட்டேன். பணம் போனதும் அவர் போன் வரும், மடங்குதா என்று கேட்பார், வெண்ணெய் மாதிரி என்பேன். ஒரு நாற்காலியில் ஆணியைப் பிடுங்கிப் பார்த்தேன். கால் இரண்டாகப் பிளந்து கையோடு வந்தது. மீதி மூணும் கடை வாசலில் நிற்கின்றன. அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆடவில்லை, அசையவில்லை, நான் ஆசைப்பட்ட மாதிரியே இருக்கிறது.

நேற்று ஆரோக்கியம் ஐயா பேசும்போது, கண் ஆபரேசனுக்கு அடுத்த மாசம் மதுரைக்குப் போவதாகவும், அப்படியே திண்டுக்கல்லில் என் கடைக்கு வந்து அந்த ஓட்டலின் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போவதாகவும் சொன்னார். கூடவே ஒரு சின்ன டப்பா ஆயிலும் கொண்டுவருகிறாராம்.

அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி ஒன்பதாயிரம் ரூபாய்.